மொழியியலையும் இலக்கியத்தையும் பிரிக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இளங்கலை மொழியியல், இலக்கியப் பட்டப்படிப்புக்காக நீங்கள் தயாரித்திருக்கும் வரைவுப் பாடத்திட்டத்தை முழுவதும் படித்தேன். அதன்படி, இதுவரை ஒன்றாக இருந்த படிப்பிலிருந்து மொழியியல் வெளியேறுகிறது. முதன்மைப் பாடங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஐந்தாம் செமஸ்டரில் ஒரே ஒரு விருப்பப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. ஆர்வமுள்ளவர்கள் முதுகலையில் அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். காலியான இடத்தில் தகவல் தொடர்புத் திறனும் அலுவலக மொழிப் பயிற்சியும் வந்து அமர்கின்றன.

நான் இந்தப் படிப்பின் இறுதியாண்டு மாணவி. உங்கள் முடிவு என்னைப் பாதிக்காது. பழைய பாடத்திட்டத்தின்படியே என் பட்டம் வந்துவிடும். பாதிக்கப்படப் போகிறவர்கள் அடுத்த ஆண்டு சேரப்போகிறவர்கள். அவர்கள் இன்னும் பள்ளியில் இருக்கிறார்கள், இந்த வரைவு அவர்கள் கண்ணில் படாது. அவர்களுக்காகப் பேச வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று நினைப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இளங்கலை நிலையில் மொழியியலும் இலக்கியமும் இரண்டு படிப்புகள் அல்ல. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதுவும் குறைபட்டுப் போகும். இதைப் பொதுவாகச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே வகுப்பில் நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு மொழியின் ஒலிகள் எந்த ஒழுங்கில் அமைகின்றன என்று ஆராயும் ஒலியனியல் வகுப்பு எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே தொடங்கியது. பேராசிரியர் கரும்பலகையில் வரையறை எதையும் எழுதிப் போடவில்லை. நாங்கள் வீட்டில் பேசும்போது பயன்படுத்தும் வினையெச்சங்களைச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டே போனார். இடப்பக்கம் 'படிச்சு', 'அடிச்சு', 'சிரிச்சு', 'நினைச்சு', 'தெரிஞ்சு', 'கிழிஞ்சு'. வலப்பக்கம் 'எடுத்து', 'கொடுத்து', 'நடந்து', 'பறந்து'. எழுத்து வழக்கில் இவை எல்லாமே 'த்து' என்றோ 'ந்து' என்றோதான் முடிகின்றன. பேச்சில் மட்டும் ஏன் சில 'ச்சு', 'ஞ்சு' ஆகின்றன? 'நடஞ்சு' என்று ஏன் ஒரு குழந்தைகூடச் சொல்வதில்லை? கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் அமைதியாக நின்றார். வகுப்பே சொற்களை மறுபடியும் மறுபடியும் உச்சரித்துப் பார்த்தது.

விடை கரும்பலகையிலேயே இருந்தது. இடப்பக்கச் சொற்கள் அனைத்திலும் அந்த மெய்களுக்கு முன்னால் நிற்பது இகரம் அல்லது ஐகாரம். நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழுந்து ஒலிக்கும் உயிர்கள் அவை. அங்கிருந்து பல்லை நோக்கிப் போயிருக்க வேண்டிய நாக்கு, அண்ணத்திலேயே அடுத்த மெய்யையும் ஒலித்துவிடுகிறது. வலப்பக்கச் சொற்களில் அப்படிப்பட்ட உயிர் இல்லை. ஆகவே மாற்றமும் இல்லை. யாரும் கற்பிக்காத ஒரு விதி. ஆனால் எங்கள் ஒவ்வொருவர் வாயிலும் பிசகாமல் இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, 'விற்று' என்பதைப் பேச்சில் 'வித்து' என்கிறோமே, அங்கேயும் இகரம்தானே வருகிறது, அது ஏன் 'விச்சு' ஆகவில்லை என்று கேட்டார். பேராசிரியரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். 'வித்து' என்பதில் இருக்கும் 'த்த' பழைய 'த்த' அல்ல. 'ற்ற' மாறி வந்தது. இகரத்தின் பக்கத்தில் இருந்த 'த்த' எல்லாம் 'ச்ச' ஆகிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சொல்லில் 'ற்ற' இருந்தது. அதனால் அந்த மாற்றம் இதைத் தொடவில்லை. இதில் 'த்த' வந்து சேர்ந்தபோது பழைய மாற்றம் ஓய்ந்துவிட்டிருந்தது. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்ற மொழியின் வரலாறு, கல்வெட்டு எதையும் பார்த்திராத ஒருவரின் அன்றாடப் பேச்சில் படிந்து கிடக்கிறது. ஒரு கேள்வியில் நாங்கள் ஒலியனியலிலிருந்து வரலாற்று மொழியியலுக்குள் நுழைந்துவிட்டோம்.

குழு உறுப்பினர்களே, அந்த வகுப்பில் இருந்தவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பொதுப் பல்கலைக்கழகம் என்றால் அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவர்களுடைய பேச்சைப் பள்ளிக்கூடம் 'கொச்சை' என்று சொல்லியே வளர்த்திருக்கிறது. வாயைத் திறந்தால் திருத்தம், திருத்தத்தோடு ஒரு சிரிப்பு. அதனால் வகுப்பில் பேசவே தயங்குகிறவர்களாக வந்து சேர்ந்தவர்கள் உண்டு. தங்கள் பேச்சிலும் இலக்கணம் இருக்கிறது, அது எழுத்து வழக்கின் சிதைவு அல்ல, தனக்கென்று ஒழுங்கு உடையது என்பதைத் தங்கள் சொற்களையே சான்றாக வைத்து அவர்கள் கண்டுகொண்ட நாள் அது. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டி, எழுதுவதற்கு ஒன்று, அன்றாடம் பேசுவதற்கு ஒன்று என்று ஒரு மொழி இரண்டாக வழங்கும் இரட்டை வழக்கு என்ற நிலைமையை விளக்கினார் என்பதை எங்கள் வகுப்பு அதற்குப் பிறகுதான் படித்தது. அப்போது அது எங்கோ நடக்கும் விஷயமாகத் தோன்றவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்கு முறையான விதிகள் உண்டு என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1960களில் நிறுவியதையும் அப்படித்தான் படித்தோம். இந்த அறிவை ஐந்தாம் செமஸ்டரின் விருப்பப் பாடத்தில் வைத்தால், அது மிகவும் தேவைப்படும் மாணவரை அது சென்றடையவே சென்றடையாது. கூச்சத்தோடு வந்தவர் கூச்சத்தோடே இரண்டு ஆண்டுகளைக் கடந்திருப்பார்.

இது இலக்கியத்துக்கு எப்படி உதவுகிறது என்று கேட்பீர்கள். குறுந்தொகையின் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கும் பாட்டு. பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிட்ட பாட்டு. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமையை எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும். எங்கள் வகுப்பில் உவமைக்கு வருவதற்கு முன்னால் மூன்று அடிகளில் நீண்ட நேரம் நின்றோம். யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை. நுந்தை உன் தந்தை. உறவுச் சொல்லுக்குள்ளேயே 'என்', 'உன்' என்ற பிரிவு இருக்கிறது. முதல் இரண்டு அடிகளும் அந்தப் பிரிவை அடுக்குகின்றன: உன் பக்கம், என் பக்கம். மூன்றாம் அடியும் 'யானும் நீயும்' என்று தனித்தனியாகவே தொடங்குகிறது. பிறகு வினைமுற்று வருகிறது: 'அறிதும்'.

'தும்' என்ற ஈறு தன்மைப் பன்மைக்கு உரியது என்பதைத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் படித்தவர்கள் அறிவார்கள். யானும் நீயுமாக நின்ற இருவரும் அந்த ஈற்றில் 'நாம்' ஆகிவிடுகிறார்கள். செம்புலமும் பெயல்நீரும் நான்காம் அடியில்தான் வருகின்றன. கலப்பு அதற்கு முன்பே இலக்கணத்தில் நடந்து முடிந்துவிட்டது. இந்தப் பாட்டு யார் யாரிடம் சொன்னது? பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் சொன்னது என்கிறது பாட்டின் கூற்றுக் குறிப்பு. அவன் வாக்குறுதி எதுவும் தரவில்லை, ஆணை எதுவும் இடவில்லை. அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஒரு வினைமுற்றைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மழைநீரைக் காட்டுகிறான். ஈறு எது, எண் எது, இடம் எது என்று பார்க்கப் பழகாத மாணவருக்கு இது தெரியாமலே போகும். அவர் உவமையை ரசிப்பார். தலைவியின் அச்சம் எந்த இடத்தில் ஆற்றப்படுகிறது என்பதைத் தவறவிட்டுவிடுவார்.

இலக்கணம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனும் மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ராஸும் 1962இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் பூனைகள் பற்றிய கவிதை ஒன்றை ஒலி, எதுகை, இலக்கண வகை என்று அடி அடியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டெடுத்த அமைப்புகளில் பலவற்றை எந்த வாசகரும் உணரவே முடியாது என்று இலக்கியத் திறனாய்வாளர் மைக்கேல் ரிஃபாத்தேர் 1966இல் மறுத்து எழுதினார். அந்த விவாதத்தில் எனக்கு ரிஃபாத்தேர் பக்கம்தான் சாய்வு. ஆனால் இரண்டு பக்கமும் சொல்வதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழியியலும் வேண்டியிருந்தது, கவிதை வாசித்த பழக்கமும் வேண்டியிருந்தது. வரைவுத் திட்டத்தின்படி படிக்கும் மாணவர் இந்த விவாதத்துக்குள் நுழையவே முடியாது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது புதிதாக யாரோ கொண்டுவந்த ஏற்பாடு அல்ல. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களில் ஏறத்தாழ 1600 நூற்பாக்களைக் கொண்டது. ஒலிகள் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எங்கெங்கே பிறக்கின்றன என்பதைச் சொல்லும் பிறப்பியல் அந்த நூலில்தான் இருக்கிறது. உவமவியலும் மெய்ப்பாட்டியலும் செய்யுளியலும் அதே நூலில்தான் இருக்கின்றன. நாக்கு அண்ணத்தைத் தொடும் இடத்திலிருந்து கவிதையில் அழுகையும் நகையும் பிறக்கும் இடம் வரைக்கும் ஒரே ஆராய்ச்சியாகப் பார்த்த மரபு இது. பின்னால் வந்த நன்னூல் எழுத்தோடும் சொல்லோடும் நின்றுவிட்டது. பள்ளிகளில் அதுவே பரவியது. இலக்கணம் என்றால் புணர்ச்சி விதி, இலக்கியம் என்றால் நலம் பாராட்டல் என்று இன்று மாணவர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூலின் உரை சொல்லும் கதையை உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம். புலவர்களைக் காக்க இயலாத அரசன், நீங்கள் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள், நாடு செழித்தபின் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு நாடானதும் எல்லாத் திசைகளுக்கும் ஆள் அனுப்பித் தேடுகிறான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் கிடைக்கவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காகத்தானே, அது இல்லையென்றால் இவற்றைப் பெற்றும் பெறாதவர்கள் ஆனோமே என்று அரசன் கவல்கிறான். கதை வரலாறா என்பது வேறு கேள்வி. சொன்னவர் உண்மையை அறிந்து சொல்லியிருக்கிறார். மூன்றில் ஒன்று போனால் மற்றவை பெற்றும் பெறாதவை. அதோடு, சிக்கன காலத்தில் அனுப்பிவிட்ட புலமை, செழிப்பான காலத்தில் கூப்பிட்டவுடன் திரும்பி வருவதில்லை.

அந்த இரண்டாவது விஷயம்தான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. மொழியியல் தாள்கள் குறைந்தால் மொழியியல் ஆசிரியர் பணியிடங்கள் தேவையற்றவை ஆகும். இப்போது இருக்கும் ஆசிரியர்கள் ஓய்வுபெறும்போது அந்த இடங்கள் நிரப்பப்படாது. தற்காலிக ஆசிரியர் ஒருவர் வந்து அந்த விருப்பப் பாடத்தைக் கையேட்டை வைத்து நடத்திவிட்டுப் போவார். இளங்கலையில் இந்தத் துறையின் பெயரையே கேட்டிராதவர் முதுகலையில் இதைத் தேர்ந்தெடுப்பாரா? சேர்க்கை குறையும். குறைந்த சேர்க்கையே துறையை மூடுவதற்கான காரணமாகக் காட்டப்படும். பத்தாண்டுகள் கழித்து ஒருவர் இதைத் திரும்பத் தொடங்க நினைத்தால், பாடம் எடுக்க ஆள் இருக்காது.

இரண்டையும் ஒருங்கே கற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. மு. வரதராசன் நாவல்களும் இலக்கிய வரலாறும் எழுதிய அதே கையால் மொழிநூலும் மொழி வரலாறும் எழுதினார். ஏ. கே. ராமானுஜன் 1963இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குறுந்தொகைப் பாடல்களின் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு நூல் 1967இல் வெளிவந்து உலக வாசகர்களிடம் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு தமிழ் வாக்கியத்தின் அமைப்பை ஆங்கிலத்தின் வேறொரு அமைப்பில் எங்கே ஒடிப்பது, எங்கே நிறுத்துவது என்று அவர் அறிந்திருந்ததில் மொழியியலுக்குப் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்? கவிதையின் மீது அக்கறையற்ற மொழியியலாளரும் மொழியியல் தெரியாத இலக்கிய ஆய்வாளரும் காலத்துக்குப் பொருந்தாதவர்கள் என்ற கருத்தை, 1958இல் அதே இண்டியானாவில் நடந்த மாநாட்டின் நிறைவுரையில் யாக்கப்சன் அழுத்திச் சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை பத்தாண்டுகள் கழித்து, நாம் அந்தப் பிரிவை நோக்கி விரும்பியே நடக்கப் போகிறோமா?

இளங்கலை மாணவர்களுக்கு இது கடினம், ஆய்வு நிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதத்தைக் குழுவின் முன்னுரையில் படித்தேன். இருபதாம் நூற்றாண்டு மொழியியலின் தொடக்க நூல் எங்கே பிறந்தது? ஃபெர்டினான் டி சசூர் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 1907 முதல் 1911 வரை பொது மொழியியலை மூன்று முறை பாடமாக நடத்தினார். அந்தப் பாடத்தை அவர் நூலாக எழுதவில்லை, 1913இல் இறந்துவிட்டார். அந்த வகுப்புகளில் அமர்ந்திருந்த மாணவர்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, சார்ல் பாய்யி, ஆல்பேர் செஷஹே என்ற இரு அறிஞர்கள் 1916இல் நூலாக்கினார்கள். அந்த இருவரும் அந்த வகுப்புகளில் இருந்தவர்கள் அல்லர். மாணவர்கள் கவனமாகக் கேட்டு எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிந்தனை நமக்குக் கிடைத்தே இருக்காது. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களால் புரிந்துகொள்ள முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் 2003இலிருந்து நடக்கிறது. தாங்கள் கேள்விப்பட்டேயிராத மொழிகளின் சில வாக்கியங்களை வைத்துக்கொண்டு, அவற்றின் இலக்கணத்தைப் பதின்ம வயதினர் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வயதில் முடிகிறது என்றால் பட்டப்படிப்பின் முதலாண்டில் ஏன் முடியாது?

முடியாமல் போவதற்குக் காரணம் பாடம் அல்ல, தேர்வு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனென்றால் இப்போதுள்ள படிப்பு குறையற்றது என்று நான் வாதாட வரவில்லை. 'ஒலியன் என்றால் என்ன? விளக்குக' என்று, சொற்பொருளை வேறுபடுத்திக் காட்டும் ஒலி அலகைப் பற்றிக் கேட்கிறார்கள். மாணவர் வரையறையை மனப்பாடம் செய்து இரண்டு பக்கம் எழுதுகிறார். ஒரு சொல்லைக்கூடக் காதால் கேட்காமல் முழு மதிப்பெண் பெறுகிறார். இலக்கியத் தாளும் அப்படியே. நூல், ஆசிரியர், காலம், சிறப்பு. ஒரு காப்பியத்தைத் திறக்காமலேயே அதைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட முடிகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் நோட்ஸ் கைமாறுகிறது. தேர்வு முடிந்த மறுநாள் அது குப்பைக்குப் போகிறது. கலைச்சொற்களோ பாடநூலுக்குப் பாடநூல் மாறுகின்றன. ஒருவர் ஒலியன் என்பார், இன்னொருவர் ஒலியம் என்பார். பொருள் தரும் மிகச்சிறிய சொற்கூறு ஒருவருக்கு உருபன், மற்றவருக்கு உருபம். விடைத்தாள் யாரிடம் போகிறதோ அவர் பயன்படுத்தும் சொல் இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும் என்று பயந்து இரண்டையும் எழுதி வைக்கும் மாணவர்களை நான் அறிவேன். படிப்பு வறண்டதாக இருக்கிறது, மாணவர்கள் விரும்பவில்லை என்று கருத்துக் கணிப்புப் படிவங்களில் வந்ததாக வரைவு சொல்கிறதே, அந்த வறட்சி இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு மாற்று இருக்கிறது, செலவும் குறைவு. இதுவரை பார்த்திராத தரவைக் கொடுத்து விதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இதுவரை படித்திராத கவிதையைக் கொடுத்து, அதில் எந்தச் சொல், எந்த ஈறு, எந்த ஓசை என்ன வேலை செய்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தாளில் கேட்டாலும் நல்லது. அகமதிப்பீட்டில் கட்டுரைக்குப் பதிலாக ஒலிப்பதிவு ஒன்றைச் சேர்க்கலாம். மாணவர் ஒருவரின் பாட்டியிடமோ அயலாரிடமோ ஒரு கதையைக் கேட்டு, அவர்களின் ஒப்புதலோடு பதிவு செய்து, ஒலிக்குறிகளில் எழுதி, சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த ஒரு வேலையில் ஒலியியல், சொல்லின் அமைப்பை ஆராயும் உருபனியல், வாக்கியத்தின் அமைப்பை ஆராயும் தொடரியல், கதைசொல்லும் கலை நான்கும் வந்துவிடுகின்றன. உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு கதையைக் கேட்டு எழுதும் பயிற்சி பெற்றவர்தான் நாளை அவற்றில் ஒன்றை ஆவணப்படுத்தப் போகிறவர்.

ஒலியியல் ஆய்வுக்கூடம் என்றதும் பெரிய தொகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் புர்ஸ்மாவும் டேவிட் வெய்னிங்கும் உருவாக்கிய, பேச்சொலியைத் திரையில் காட்டி ஆராய உதவும் பிராத் என்ற மென்பொருள் இலவசம். ஒரு கணினியும் ஒரு ஒலிவாங்கியும் அமைதியான ஓர் அறையும் போதும். 'கம்பம்' என்று சொல்லிப் பதிவு செய்து திரையில் பார்த்தபோது, முதல் எழுத்தான ககரத்துக்குரிய இடத்தில் அலை அடங்கிக் கிடந்தது. நடுவில் வரும் பகரத்துக்குரிய இடத்தில் அடியில் ஒரு கறுப்புப் பட்டை அறுபடாமல் ஓடியது. குரல்வளை அங்கே அதிர்ந்துகொண்டே இருந்ததன் தடம் அது. 'பல்' என்று சொன்னபோது அதே பகரத்தின் இடத்தில் அந்தப் பட்டை இல்லை. ஓரெழுத்துக்கு இரண்டு ஒலி என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கண்ணால் பார்த்தபோது வகுப்பே எழுந்து திரைக்கு அருகில் வந்துவிட்டது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைவின் பெரும் கவலை அதுதான் என்பது புரிகிறது. என் பெற்றோரின் கவலையும் அதுதான். அகராதி, மொழிபெயர்ப்பு, பதிப்பு, மொழி கற்பித்தல், பேச்சு அறிதல், இயந்திர மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் மொழியை ஆராய்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ளும் கருவியை உருவாக்குகிறவருக்கு, நான் மேலே சொன்ன 'படிச்சு', 'நடந்து' விவகாரம் ஒரு தொழில்நுட்பத் தேவை. எல்லோருக்கும் அங்கே வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சியை மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு எதிலும் பெற்றுவிடலாம். அதற்குப் பட்டப்படிப்பின் மூன்றாண்டு தேவையில்லை. ஒரு மொழியின் அமைப்பையும் அதன் கவிதையையும் ஒருசேர ஆழ்ந்து படிக்க, பணம் படைத்தவர்களுக்கு எங்கேயாவது ஒரு வழி கிடைக்கும். மற்றவர்களுக்குப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் வழி. சந்தையில் விலைபோகும் பாடங்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்திக்கொள்ளும். விலைபோகாதவை என்று கருதப்படுவதைக் காக்கத்தானே மக்கள் வரிப்பணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துகிறோம்?

ஆகவே குழுவினரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. மொழியியலை முதன்மைப் பாடமாகவே, முதல் செமஸ்டரிலிருந்தே வைத்திருங்கள். ஒவ்வொரு ஆண்டிலும் குறைந்தது ஒரு தாளாவது மொழியியல் ஆசிரியரும் இலக்கிய ஆசிரியரும் சேர்ந்து நடத்துவதாக இருக்கட்டும். ஒரே பாட்டை இருவரும் ஒரே வகுப்பில் படித்துக் காட்டட்டும், கருத்து வேறுபடட்டும், அதை நாங்கள் பார்க்க வேண்டும். வினாத்தாளின் பாதியையாவது முன்பின் பார்த்திராத தரவுக்கும் பனுவலுக்கும் ஒதுக்குங்கள். விடைத்தாள் திருத்துவோருக்கும் மாணவர்களுக்கும் பொதுவான கலைச்சொல் பட்டியல் ஒன்றை வெளியிடுங்கள். ஓய்வுபெறும் மொழியியல் ஆசிரியர்களின் இடங்கள் அதே துறைக்கே நிரப்பப்படும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

வரைவை இறுதி செய்யும் கூட்டத்துக்கு முன்னால், இப்போது நடந்துகொண்டிருக்கும் முதலாண்டு ஒலியனியல் வகுப்புகளில் ஏதேனும் ஒன்றுக்கு உறுப்பினர்கள் வந்து பின்வரிசையில் அமர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கால அட்டவணை துறை அலுவலகத்தில் இருக்கிறது. கூட்டத்தில் மாணவர் தரப்பிலிருந்து இருவரைப் பேச அனுமதித்தால், தரவுகளோடும் மாதிரி வினாத்தாளோடும் வரத் தயாராக இருக்கிறோம். மாதிரி வினாத்தாளை ஏற்கெனவே தயாரித்துவிட்டோம். அதன் படியைத் துறைத்தலைவர் வழியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி,
இளங்கலை மொழியியல், இலக்கியம்